நண்டு வலையை அறுத்துவிட்டு வந்தவர்களுக்கு

பாம்பன் சின்னப்பாலத்துச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் உயிரைக் காப்பாற்றியதற்கு நேரில் வந்து நன்றி சொல்லத்தான் நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தாலே அழுகை வந்துவிடுகிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

கடல்பாசி எடுக்கப் போன அன்றைக்கு வல்லத்தில், அந்தச் சின்னப் படகில், பெண்கள் எட்டுப் பேர், ஓட்டி வந்த மாமா ஒருவர். கடலடிப் பாறைத் திட்டான பாரில் மரிக்கொழுந்துப் பாசி நன்றாகக் கிடைத்தது. ஆசையில் மூட்டைகளைக் கூடுதலாக ஏற்றிவிட்டோம், தப்பு எங்களுடையதுதான். திரும்பும்போது சோழகக் காற்று, தெற்கிலிருந்து வீசுவது, கிளம்பியது. நாம் ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? பக்கவாட்டில் இரண்டு அலை. மூன்றாவதில் வல்லம் கவிழ்ந்தது.

மூட்டைக் கயிறு என் காலைச் சுற்றிக்கொண்டது. நனைந்த பாசி கல்லாட்டம் கனக்கும், கீழே இழுத்துக்கொண்டே போனது. மதினிதான் முங்கி வந்து அறுத்துவிட்டார். மேலே வந்து மூச்சு வாங்கும்போதே, "அய்யோ, பாசி போச்சே" என்று நான் புலம்பினேனாம். "பாசி திரும்ப முளைக்கும், நீ முளைப்பியாடி?" என்று திட்டினார். அந்தத் திட்டுக்கும் நன்றி மதினி.

கவிழ்ந்த வல்லத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த எங்களைத் தூரத்தில் பார்த்தது, கடலிலிருந்து நண்டு வலையை இழுத்துக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர். பாதி இழுத்த வலையை அறுத்துவிட்டு வந்தீர்கள். ஒன்பது பேரும் கரை சேர்ந்தோம். கடலோரக் காவல்துறையின் உதவி எண் 1093க்குப் போன் போட்ட தம்பி, குந்துகால் கரையில் போர்த்திவிட்டு இஞ்சி டீ கொடுத்த பாத்திமா வீட்டுக்காரர்கள், உங்களையும் மறக்கவில்லை. (மறுநாள் ஒரு செய்தித்தாளில் 'மீனவர்களின் மனைவிகள் மீட்பு' என்று போட்டிருந்தார்கள். சரி, போகட்டும். நாங்களும் மீனவர்கள்தான்.)

1964 புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்த என் பாட்டி, அப்புறம் சாகும்வரை கடலில் கால் நனைக்கவில்லை. நானும் மூன்று மாதம் அப்படித்தான் இருந்தேன். அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள் என்று பாசிக்குப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டுத்தான் போனீர்கள் அக்காமார்களே. யாரும் வற்புறுத்தவில்லை. நாலாம் மாதம் நானே முங்குகிற கண்ணாடியை எடுத்து மாட்டினேன், விரலில் துணி சுற்றினேன். கை நடுங்கியது. முடிச்சை மதினி போட்டுவிட்டார்.

அண்ணன் தம்பிக்கு ஒரு வார்த்தை. வலைக்குக் காசு கேட்டால் "அதை விடுங்க" என்கிறீர்கள். எட்டுப் பேரும் சேர்ந்து புது வலை வாங்கிவிட்டோம். வேண்டாம் என்றால் வாசலில் போட்டுவிட்டு வந்துவிடுவோம்.