பின்வேலியிலிருந்து ஏன் தொடங்குகிறோம்? பழைய வீடு வாங்கவிருக்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "வீட்டைப் பார்க்கத்தானே உங்களைக் கூப்பிட்டோம், ஒரு மணி நேரமாகப் புதருக்குள்ளேயே நிற்கிறீர்களே?" என்று அண்மையில் ஒருவர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். பெரிய மனையில் நிற்கும் பழைய வீட்டை ஆய்வு செய்ய வந்தால் நாங்கள் இப்போது தலைவாசலில் தொடங்குவதில்லை, பின்வேலியில் தொடங்குகிறோம். ஒரே வருகையில் முடித்துக்கொள்வதும் இல்லை. இரண்டு முறை வருகிறோம், அதில் ஒன்று மழை பெய்த மறுநாள். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் எங்கள் தவறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டின் சுவர், கூரை, குழாய் எல்லாவற்றையும் அலசிப் பார்த்து நீளமான அறிக்கை கொடுத்தோம். மனையை மட்டும் தாழ்வாரத்தில் நின்று கண்ணால் அளந்ததோடு சரி. வீட்டை வாங்கியவர் பக்கவாட்டில் இன்னொரு அறை எடுக்க அடித்தளம் தோண்டினார். நாலடி ஆழத்தில் உடைந்த ஓடும் சாம்பலும் செங்கல் துண்டுகளும் வந்தன. இன்னும் தோண்டியதும் வளைந்து போகும் ஒரு செங்கல் வரிசை தெரிந்தது. என்றைக்கோ தூர்த்த கிணறு. திரும்பப் போய் எங்கள் படங்களை எடுத்துப் பார்த்தோம். அந்த இடத்தில் மட்டும் தரை தாம்பாளம் போல லேசாகக் குழிந்திருக்கிறது, புல்லும் மற்ற இடத்தைவிடப் பச்சையாக இருக்கிறது. படம் எடுத்தது நாங்கள். பார்க்கத் தவறியதும் நாங்கள்தான்.

அதிலிருந்து எங்கள் அறிக்கையை மூன்றாகப் பிரித்துவிட்டோம்: குடிபோகும் முன் செய்தாக வேண்டியவை, சில ஆண்டுகள் பொறுக்கக்கூடியவை, எவ்வளவு செலவழித்தாலும் சரியாகாதவை. மூன்றாவது பட்டியலில் வருவது பெரும்பாலும் மண்ணும் எல்லையும் சார்ந்த விஷயம்தான். வீட்டின் குறையை ஏதாவது ஒரு வழியில் சரிசெய்துவிடலாம். மனை தாழ்வான இடத்தில் இருந்தால் அதைத் தூக்கி வைக்க முடியாது.

மனையில் நாங்கள் முதலில் தேடுவது தண்ணீரின் பாதையை. வீட்டைச் சுற்றி முதல் 10 அடிக்குள் தரை குறைந்தது 6 அங்குலமாவது வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். புதிதாகக் கட்டும்போது இதைச் சரியாகத்தான் செய்திருப்பார்கள். பிறகு பல பத்தாண்டுகளாகச் சருகு மக்கி மண் ஏறும். யாராவது பாத்தி கட்டுவார்கள், ஒருவர் நடைபாதைக்குத் தளம் போடுவார், அடுத்தவர் அதன்மேலேயே இன்னொரு தளம் போடுவார். வெளியே தரை உயர உயர, வீடு தாழ்ந்துபோகிறது. வாசற்படியை எண்ணிப் பாருங்கள். கீழ்ப்படி மட்டும் பாதி உயரத்தில் இருந்தால் மீதிப் பாதி மண்ணுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். அடித்தளத்துக்கு மேல் ஓதம் ஏறாமல் தடுக்கப் போட்ட பட்டையும் அங்கே மண்ணுக்குள் போயிருக்கலாம். அப்புறம் உள்சுவரில் வெள்ளை உப்பு பூக்கிறது என்று வருத்தப்பட்டுப் பயனில்லை. மழைக்கு மறுநாள் வந்தால் இதற்கெல்லாம் கருவியே வேண்டாம். தண்ணீர் எங்கே தேங்குகிறது, பக்கத்து மனையிலிருந்து எந்த வழியாக இறங்குகிறது, எல்லாம் சேற்றிலேயே தெரியும்.

அடுத்தது மரம். பெரிய மனையை விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மரத்தைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள், நாங்களும் விதிவிலக்கில்லை. ஆனால் களிமண் நிலத்தில் வீட்டை ஒட்டிய பெரிய மரம் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி அந்த மூலை மட்டும் இறங்கும். சரி, வெட்டிவிடலாம் என்று அவசரப்படவும் கூடாது. இத்தனை ஆண்டுகளாக மரம் குடித்துவந்த நீர் மண்ணிலேயே தங்கிவிட்டால் களிமண் உப்பி அடித்தளத்தையே மேலே தள்ளும். மரம் முந்தியா வீடு முந்தியா என்று கேட்டு, மண்ணையும் பார்த்த பிறகே எதையும் சொல்வோம்.

எல்லை பற்றி ஒரே ஒரு வேண்டுகோள்: வேலியை நம்பாதீர்கள். அது ஒரு காலத்தில் யாரோ நட்ட வேலி, அவ்வளவுதான். பத்திரத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒத்துப்போகின்றனவா என்று சர்வேயர் வைத்து அளந்து பார்த்துவிடுங்கள். மனை வழியே மற்றவர்களுக்கு நடைபாதை உரிமையோ குழாய் உரிமையோ இருக்கிறதா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். அது எங்கள் வேலை இல்லை.

"பின்பக்கத்தைத் தனியாகப் பிரித்து விற்றால் பாதிப் பணம் வந்துவிடும்" என்ற கணக்கோடு பலர் வருகிறார்கள். பெரும்பாலும் அந்தக் கணக்கைக் கெடுப்பது வீடு நிற்கும் இடம்தான். பழைய வீட்டை மனையின் நடுவில் கட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமும் மிஞ்சும் பட்டையில் சாலைக்கு வழியும் விடமுடியாது, சட்டப்படி விடவேண்டிய இடைவெளியும் கிடைக்காது. செப்டிக் டேங்கும் அதன் கழிவுநீர் இறங்கும் நிலமும் பின்பக்கம் இருந்தால் அதன்மேல் கட்டவும் முடியாது. பிரிக்க அனுமதி உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிந்துகொண்ட பிறகே அந்தத் தொகையைக் கணக்கில் சேருங்கள். வாய்வார்த்தை போதாது.

இவ்வளவுக்கும் பிறகுதான் வீட்டுக்குள் நுழைவோம்.

விரிசலைப் பார்த்தாலே பயந்துவிடுகிறார்கள். மயிரிழை விரிசல் இல்லாத பழைய வீடு கிடையாது. பூச்சு காயும்போதே வந்ததாகவும் இருக்கலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், செங்கல் மூட்டுகளில் படிக்கட்டு போல இறங்கும் விரிசல், ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகும் விரிசல், இவைதான் கவலை தருபவை. 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்கச் சொல்லிவிடுவோம். விரிசலின் குறுக்கே பென்சிலால் கோடிட்டுத் தேதி போடுவது நல்ல பழக்கம். ஆனால் எங்கள் இரண்டு வருகைக்கும் இடையே சில வாரங்கள்தான், அதற்குள் பெரிதாக எதுவும் தெரியாது. அதைவிட வீட்டுக்காரரின் பழைய குடும்பப் படங்களைக் கேட்டுப் பாருங்கள். பிறந்தநாள் படத்தின் பின்னணிச் சுவரில் அதே விரிசல் அதே நீளத்தில் இருந்தால் அது ஓய்ந்துபோன விரிசல்.

ஒரு சுவருக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால் அங்கேதான் அதிக நேரம் நிற்போம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவருக்கு மேல் சிமென்ட் பூசியிருந்தாலும் அப்படித்தான். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துவிடும். பார்க்க உலர்ந்த சுவராகத் தெரியும். விரல் மடக்கித் தட்டினால் பொத்தென்று ஒலிக்கும்.

கான்கிரீட் கூரை என்றால் கம்பிதான் முக்கியம். காற்றிலுள்ள கரியமில வாயு பல ஆண்டுகளாக உள்ளே இறங்கி கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்கிறது. கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்த் துரு பிடிக்கிறது. துருவின் கன அளவு இரும்பைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் அது கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. பெயர்ந்த இடத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரம் மிஞ்சிய பகுதி இளஞ்சிவப்பாகும், கெட்ட பகுதி நிறம் மாறாது. கம்பியைச் சுற்றி நிறமே வரவில்லை என்றால் மேலே பூசி மறைப்பது வீண் செலவு.

ஒயரிங் பழையது என்றால் மாற்றத்தான் வேண்டும், அதில் பேச்சே இல்லை. பழைய இரும்புக் குழாய் உள்ளே துருவேறிக் குறுகியிருக்கும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தால் தெரிந்துவிடும். கதவு நிலைகளின் அடியை ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்ப்போம், கரையான் தின்ற மரம் தடுக்காமல் உள்ளே விடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வெட்டவோ துளையிடவோ, பழைய பெயின்ட்டைத் தேய்த்து எடுக்கவோ சோதிக்காமல் ஆள் வைக்காதீர்கள். அந்தத் தூசி ஆபத்தானது.

நாங்கள் சுவரை உடைப்பதில்லை, பொருள்களை நகர்த்துவதில்லை. ஆகவே அறிக்கையில் சில இடங்களில் "பார்க்க இயலவில்லை" என்று இருக்கும். அதைத் தாண்டிப் படித்துவிடாதீர்கள். முன்பணம் கொடுக்கும் முன் அந்த இடங்களைத் திறந்து காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

முதல் வருகைக்கு முடிந்தால் நீங்களும் வாருங்கள். செருப்பு வேண்டாம், நல்ல ஷூ போட்டு வாருங்கள். பின்வேலி வரை நடக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் கட்டட ஆய்வாளர்கள்