கோரை அப்படியே இருக்கிறது, செத்தது என் மல்லி

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்
பொருள்: கோரைக்கு வாங்கிய களைக்கொல்லி பலன் தராதது, உதவி எண்ணில் அவமதித்துப் பேசியது குறித்து

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது உங்களுக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரிதான் பதில். போனில் 6 முறை பேசிவிட்டேன். ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது.

லால்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லை 8 சென்ட். 40 குண்டுமல்லிச் செடி, ஓரமாகக் கத்தரியும் வெண்டையும். உங்கள் பச்சை மூடி பாட்டிலை ஜூன் மாதம் வாங்கினேன், 640 ரூபாய் வீதம் இரண்டு. கடையில் தந்த உங்கள் நோட்டீஸில் "கோரையைக் கிழங்கோடு அழிக்கும்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "செடி வரிசைக்கு நடுவே தைரியமாக அடிக்கலாம்" என்றும் இருந்தது. நீங்கள் சொன்ன அளவில்தான் கலந்தோம். காற்றில்லாத காலை நேரம், மருந்து சிதறாமலிருக்க நாசிலுக்கு மூடி, எதிலும் குறை வைக்கவில்லை.

மூன்றாம் நாள் புல்லெல்லாம் கருகி வைக்கோல் நிறமானது. அன்று உங்கள் கம்பெனியை வாயார வாழ்த்தினேன். 14-ஆம் நாள் பூப்பறிக்கப் போனால் அந்தச் சருகுக்கு நடுவே ஊசி ஊசியாகப் பச்சைக் குருத்து! களைக்கொத்தால் தோண்டினேன். ஒரு கிழங்கு, அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு வேர், அதன் நுனியில் இன்னொரு கிழங்கு. நூலில் கோத்த மணி போல வரிசையாக 5 வந்தன. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை வெளேரென்று, அந்த நாட்டுமருந்துக் கடை வாசனையோடு இருக்கிறது. ஒன்றுகூட அழுகவில்லை. ஆனால் 11 மல்லிச் செடி பட்டுப்போனது.

இதைச் சொன்னதற்குத்தான் உங்கள் ஆள் ஒருவர், "அம்மா, உங்களுக்கு மருந்து அடிக்கத் தெரியல. ரெண்டு பாட்டிலுக்கு இவ்வளவு பேசறீங்களே" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். எனக்கு 61 வயது. நாற்று நட்ட கை இது. எனக்கா மருந்து அடிக்கத் தெரியாது?

திருச்சியில் உள்ள உங்கள் கம்பெனி டிப்போவுக்கு நேரில் வரச் சொன்னதும் நீங்கள்தான். கிழங்கை மண்ணோடு பையில் கட்டிக்கொண்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, வெயிலில் ஆட்டோ பிடித்து வந்தேன். 11 மணிக்கு "சார் மீட்டிங்கில் இருக்கிறார்". 3 மணிக்கு "சார் சேலம் போய்விட்டார்". உட்கார ஒரு நாற்காலிகூடத் தரவில்லை. பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்த ஒரு நாளை யார் திருப்பித் தருவது?

அப்புறம் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தில் பாட்டிலைக் காட்டிக் கேட்டேன். ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். இது பட்ட இலையை மட்டும் கருக்கும் மருந்தாம், கிழங்குக்கு இறங்காதாம். கோரைக்கு வேண்டியது, இலை பச்சையாக வளரும்போது அடித்தால் உள்ளே பாய்ந்து கிழங்கு வரை போகிற மருந்து. இது உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துதானே நோட்டீஸ் அடித்தீர்கள்? சித்திரை வெயிலில் கொத்திக் கிளறி, கிழங்கைப் பொறுக்கிக் காயப்போடுவார் என் அம்மா. அதையே செய்திருந்தால் கூலியோடு போயிருக்கும்.

10 வருட உழைப்பு மண்ணாகிவிட்டது. இந்தக் கொல்லையில் இனி எதுவும் வைக்க எனக்கு மனமில்லை.

உங்கள் கம்பெனி மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. தயவுசெய்து 1,280 ரூபாயையும், 11 மல்லிச் செடிக்கான இழப்பையும், டிப்போவுக்கு வந்துபோன செலவையும் கொடுத்துவிடுங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன், 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம்கூடக் கிடையாது. களைக்கொல்லியும் 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள் வருகிறது. அந்த நோட்டீஸும் பாட்டிலும் ரசீதும் வேளாண்மைத் துறையின் தரக்கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போகும்.

அதற்கு முன்னால் அந்த ஆள் என்னிடம் பேசியதன் பதிவைப் போட்டுக் கேளுங்கள் ஐயா. அவர் என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். பணத்தைவிட எனக்கு அது முக்கியம்.

டிப்போ வாசலில் வைக்கச் சொன்ன பையை நான் வைக்கவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். கிழங்கை ஈரத்துணியில் சுற்றி வைத்தேன், ஐந்தும் முளைத்துவிட்டன. உங்கள் ஆள் யாராவது வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
லால்குடி வாடிக்கையாளர்