நம் கைகள்தான்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண்புரை அறுவை முடிந்து சொட்டு மருந்தோடு கிடந்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது இடது கண் பளிச்சென்று தெரிகிறது. மின்விசிறியில் இவ்வளவு ஒட்டடையா என்று கேட்டு முதல் நாளே வாங்கிக்கட்டிக்கொண்டேன். உனக்குப் பேத்தி பிறந்ததில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம்.

கட்டு அவிழ்த்ததும் படித்தது டாசிட்டஸ். ரோமாபுரியின் வரலாற்றாசிரியர். இந்த வயதில் இது எதற்கு என்று சிரிக்காதே. மாமனாருக்காக ஒரு புத்தகம் எழுதியவர் என்றதும் ஆர்வம் வந்தது. மாமனார் அக்ரிகோலா, பிரிட்டனில் ஆளுநராக இருந்தவர். கி.பி. 93-இல் அவர் இறந்தபோது மகளும் மருமகனும் ரோமில் இல்லை. போய் நாலு வருடமாகியிருந்தது. கடைசியாக முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று புத்தக முடிவில் புலம்புகிறார், பாவம்.

அப்போது ரோமப் பேரரசன் டொமிஷியனின் ஆட்சி, 81 முதல் 96 வரை. அவனுக்குப் பிடிக்காதவர்களைப் புகழ்ந்து எழுதியவர்களுக்கு மரணம், புத்தகங்களுக்கு நடு ஊரில் தீ. அதே ஆட்சியில்தான் டாசிட்டஸ் படிப்படியாகப் பதவி ஏறினார். 88-இல் பிரீட்டர், அதாவது நீதி விசாரிக்கும் உயர் அதிகாரி. டொமிஷியன் கொல்லப்பட்ட மறு வருடம் அதற்கும் மேலான கான்சல் பதவி. 98-இல்தான் இந்தப் புத்தகம். வாயை மூடிக்கொள்வதுபோல் மறப்பதும் நம் வசத்தில் இருந்திருந்தால் நினைவையும் இழந்திருப்போம் என்கிறார். ஹெல்விடியஸ் என்ற செனட்டரைச் சிறைக்குக் கொண்டுபோனது நம் கைகள்தான் என்றும் எழுதுகிறார். ‘அவர்கள்’ என்று தப்பித்துக்கொள்ளவில்லை, பார். பிற்பாடு எழுதிய பெரிய வரலாறுகளைவிட எனக்கு இந்த ஒரு வார்த்தை பெரிதாகப் படுகிறது.

உனக்கும் ஞாபகம் வந்திருக்கும். இருப்புக் கணக்கில் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன் என்ற நம் தலைமை எழுத்தரை ஒரே நாளில் தூக்கியடித்தார்களே. அந்த உறையை ஒட்டியது நான், முத்திரை குத்தியது நீ. அவர் மேசையைக் காலி செய்தபோது நாம் டீக்கடையில் நின்றோம். அப்புறம் எத்தனையோ பேசியிருக்கிறோம், இதைப் பேசியதே இல்லை.

சரி, சிரிக்க ஒன்று. டாசிட்டஸுக்கு பிளினி என்று ஒரு சிநேகிதர். வெசுவியஸ் எரிமலை வெடித்து 79-இல் தன் மாமா இறந்த கதையை, டாசிட்டஸ் கேட்டதற்காக எழுதி அனுப்பியவர். ஒருநாள் தேர்ப்பந்தயத்தில் டாசிட்டஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், “நீங்கள் இத்தாலியா, வெளி மாகாணமா?” என்று விசாரித்தாராம். “உங்களுக்கு என்னைத் தெரியும், படித்திருப்பீர்கள்.” “அப்படியா! டாசிட்டஸா, பிளினியா?” தன் பெயரும் சேர்ந்து வந்ததில் பிளினிக்குத் தலைகால் புரியவில்லை. நம்மையும் ஆபீசில் இப்படித்தான் மாற்றி மாற்றிக் கூப்பிடுவார்கள்.

அந்தத் தலைமை எழுத்தரின் மகன் உங்கள் ஊர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. விலாசம் கிடைத்தால் அனுப்பு. மற்றக் கண்ணுக்கும் அறுவை முடிந்ததும் போய்வரலாம். நீயும் வா.

அன்புடன்,
ராமு