எத்திக்ஸ் கமிட்டியில இருக்கற "லே பர்சன்" மெம்பருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

சென்னையில இருக்கற ஒவ்வொரு மெடிக்கல் காலேஜ் எத்திக்ஸ் கமிட்டியிலயும் (பேஷண்ட்டுங்களை வச்சு பண்ற ஆராய்ச்சிக்கு ஓகே சொல்ற குழு) டாக்டரும் இல்லாம வக்கீலும் இல்லாம ஒருத்தர் இருப்பீங்க, ரிட்டயர்டு வாத்தியாரா இருக்கலாம், பேங்க்ல வேலை பாத்தவங்களா இருக்கலாம். உங்களுக்குத்தான் இந்த லெட்டர், பேஷண்ட்டுங்களுக்குப் புரியாத கன்சென்ட் ஃபார்மைப் பத்தி. டீனுக்கு எழுதலாமேன்னு ஃப்ரெண்டு ஒருத்தர் சொன்னாரு. டீனுக்கு இதெல்லாம் தெரியாம இல்ல சார், பழகிப்போச்சு, அவ்வளவுதான்.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிர்த்தாப்புல ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். பிஜி (மேல்படிப்பு) டாக்டருங்க தீசிஸ் பைண்டிங்குக்கு இங்கதான் வருவாங்க, ட்ரையலுக்கு, அதாவது பேஷண்ட்டுங்களுக்கு குடுத்துப் பாக்கற மருந்து சோதனைக்கு, கன்சென்ட் ஃபார்ம் (பேஷண்ட் சம்மதிச்சு கையெழுத்து போடற ஃபார்ம்) பிரிண்ட் எடுக்கறதும் இங்கதான், அதே ஃபார்மை ரெண்டு வாரம் கழிச்சு பேஷண்ட்டோட பொண்ணோ மருமகனோ கையில சுருட்டி வச்சுக்கிட்டு வந்து "அண்ணே, இதுல என்னண்ணே போட்டிருக்கு, கையெழுத்து போடலாமா"ன்னு கேக்கறதும் இங்கதான். டாக்டர் பிள்ளைங்களை குத்தம் சொல்ல மாட்டேன், முப்பத்தாறு மணி நேரம் டூட்டி பாத்துட்டு கண்ணு சொருகிக்கிட்டு வந்து நிப்பாங்க, மறுநாள் கமிட்டி மீட்டிங், இங்கிலீஷ் ஃபார்மை மொபைல்லயே தமிழாக்கி கொண்டாந்து "அண்ணா, அலைன்மென்ட் மட்டும் பாத்துடுங்க"ம்பாங்க. அந்தத் தமிழை அவங்களும் படிச்சிருக்க மாட்டாங்க.

வியாசர்பாடியிலேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சு, அப்பாவுக்கு சுகர், கால்ல ஆறாத புண்ணு, ரெண்டு ஆயின்மென்ட்ல எது சீக்கிரம் ஆத்துதுன்னு பாக்கற ட்ரையல். ஃபார்ம்ல வருமானம், தொழில் எல்லாம் எழுதிட்டு "நாமினி பெயர், உறவுமுறை"ங்கற கட்டத்துல விரலை வச்சுட்டு என்னையே பாக்குது. "எல்ஐசி மாதிரி நாமினி கேக்கறாங்களே, அப்பா செத்துடுவாருன்னு முன்னாடியே எழுதி வாங்கறாங்களா?" அந்தக் கட்டம் சட்டப்படி இருக்கறதுதான், ட்ரையலால உயிர் போனா நஷ்டஈடு யாருக்குப் போய் சேரணும்னு கேக்கறது, புது மருந்து ட்ரையல் ஃபார்ம்ல அது இருந்தே ஆகணும், இவங்க அதை அப்படியே காப்பி அடிச்சு வச்சிருக்காங்க. இதை யாராவது ரெண்டு வரியில சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சு. அந்தப் பொண்ணு ஃபார்மை மடிச்சு பையில போட்டுக்கிட்டு போயிடுச்சு, அப்பாவை சேக்கல.

ட்ரையல் வேணாம்னு நான் சொல்லல, அதை முதல்லயே சொல்லிடறேன். சோதனை எலியாக்கறாங்கன்னு கத்தறவங்களுக்கு நம்ம ஊர் கதையே தெரியாது. 1956-ல சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச டிபி ஆராய்ச்சி சென்டர் (இப்ப அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) பண்ண முதல் ட்ரையல்ல, பாதி பேஷண்ட்டை சானடோரியத்துல (டிபிகாரங்களைத் தங்க வச்சு பாக்கற ஆஸ்பத்திரி) வச்சு நல்ல சாப்பாடு, ரெஸ்ட்டோட மாத்திரை குடுத்தாங்க, பாதி பேரை அவங்கவங்க நெருக்கடியான வீட்டுலயே வச்சு அதே மாத்திரை குடுத்தாங்க, ஒரு வருஷம் கழிச்சு பாத்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் குணமாயிருந்துச்சு, வீட்டுல இருந்தவங்களால குடும்பத்துக்கு டிபி கூடுதலா பரவவும் இல்ல. 1959-ல அது வெளிவந்தப்புறம் உலகம் பூரா டிபிக்கு வீட்டுலயே வைத்தியம்னு மாறினதுக்கு அது ஒரு முக்கிய காரணம். எந்த மருந்து கம்பெனியும் லாபத்துக்காக பண்ணல, அரசாங்க ஆராய்ச்சி அது.

யாரு சானடோரியம், யாரு வீடுன்னு டாக்டர் முடிவு பண்ணல, சீட்டு குலுக்கிப் போட்ட மாதிரிதான். டாக்டர் கையில விட்டிருந்தா பாவம் பாத்து ரொம்ப முடியாதவங்களை சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பாரு, அப்புறம் எது நல்லதுன்னு கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. நான் இப்படி சொன்னா பேஷண்ட்டுங்களுக்கு உடனே புரியுது சார். "அப்ப எனக்கு எது வரும்னு டாக்டருக்கே தெரியாதா"ன்னு கேப்பாங்க, தெரியாதும்மா, சில ட்ரையல்ல குடுக்கறவருக்கே எந்த மருந்துன்னு தெரியாதும்பேன். சில ட்ரையல்ல ஒரு பக்கம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, அதுக்கு நோயை குணமாக்கற சக்தி கிடையாதுன்னு ஃபார்ம்ல எழுதியே ஆகணும்னு மத்திய அரசோட 2019 மருந்து ட்ரையல் விதியில இருக்கு. எழுதியிருக்கும், பதினோராவது பக்கத்துல.

உங்களுக்கு ஏன் எழுதறேன்னா, கம்பெனிக்காரன் புது மருந்துக்கு ட்ரையல் பண்ணணும்னா டெல்லியில சென்ட்ரல் டிரக் கன்ட்ரோல்ல பர்மிஷன் வாங்கணும். ஆனா ஏற்கனவே அனுமதி உள்ள மருந்தை வேற வியாதிக்கோ வேற டோஸ்லயோ படிப்புக்காக மட்டும் காலேஜே பண்ற ட்ரையலுக்கு அந்த பர்மிஷன் தேவையில்ல, எத்திக்ஸ் கமிட்டி ஓகே சொன்னா போதும்னு அதே 2019 விதி சொல்லுது. அதாவது அந்த ட்ரையலுக்கு வாசல் கதவும் நீங்கதான் வாட்ச்மேனும் நீங்கதான். அதே விதிப்படி லே பர்சன் வராம கமிட்டி ஒரு ட்ரையலை எடுத்து பரிசீலிக்கவே முடியாது. டீயும் சமோசாவும் சாப்பிட்டு அட்டெண்டன்ஸ்ல கையெழுத்து போடறதுக்கு உங்களைக் கூப்பிடல. அந்த ரூம்ல மருந்து பத்தி பேச ஆள் இருக்கு, சட்டம் பேச ஆள் இருக்கு, வியாசர்பாடி பொண்ணு மாதிரி முழிக்கறதுக்கு நீங்க ஒருத்தர்தான்.

அதனால அடுத்த மீட்டிங்ல இங்கிலீஷ் ப்ரோட்டோகால் (ட்ரையலை எப்படி நடத்தப் போறாங்கங்கற திட்டம்) பக்கமே போகாதீங்க, தமிழ் ஃபார்மை எடுத்து அந்த டாக்டரையே சத்தமா படிக்கச் சொல்லுங்க. அவரே திக்கினார்னா திருப்பி அனுப்புங்க. பேஷண்ட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா வைத்தியம் யாரு செலவுலன்னு கேளுங்க, ஏன்னா காலேஜே ஸ்பான்சர்னா பின்னாடி கம்பெனி கிடையாது, இன்சூரன்ஸ் மூலமா காலேஜ்தான் நஷ்டஈட்டுக்கு பொறுப்புன்னு ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்லயே இருக்கு, இதைக் கேட்டா நிறைய பிஜிங்க "அப்படியா"ங்கறாங்க. ஃபார்ம்ல இருக்கற ஃபோன் நம்பருக்கு அங்கயே ஒரு ரிங் விட்டுப் பாருங்க, நான் பிரிண்ட் எடுத்த ஒரு ஃபார்ம்ல ஃபோன் நம்பர்ல ஒன்பது இலக்கம்தான் இருந்துச்சு, அது கமிட்டி சீல் குத்தி வந்த ஃபார்ம்.

அப்புறம் "எப்ப வேணா விலகிக்கலாம், விலகினாலும் வழக்கமான வைத்தியம் நிக்காது"ங்கற வரியை முதல் பக்கத்துக்கு கொண்டாரச் சொல்லுங்க. ஜனங்க பயப்படறது மருந்துக்கு இல்ல, மாட்டேன்னு சொன்னா நாளைக்கு ஓபியில நம்மள ஒழுங்கா பாப்பாங்களான்னுதான்.

கையெழுத்து போட்ட ஃபார்மோட ஒரு காப்பி பேஷண்ட் கையில குடுக்கணும்னும் விதி இருக்கு. ஆஸ்பத்திரியில மெஷின் ரிப்பேர்னு சொன்னா என் கடைக்கு அனுப்புங்க, கன்சென்ட் ஃபார்முக்கு நான் காசு வாங்கறதில்ல.

இப்படிக்கு,
ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிர்த்தாப்புல ஜெராக்ஸ் கடைக்காரன்