காலி பஸ் பற்றி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. புதுச்சேரி வேலைக்கு வந்ததும் கார் வாங்கிக்கொள்வேன் என்று போனில் சொன்னாய். வாங்கிக்கொள், அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் "பஸ்ஸெல்லாம் காலியாத்தானே ஓடுது, நஷ்டத்துக்கு எதுக்கு விடணும்?" என்று கேட்டாயே, அதுதான் மனசிலேயே நிற்கிறது.

பஸ் காலியா இல்லையா என்பது நீ எங்கே நின்று பார்க்கிறாய் என்பதைப் பொறுத்தது. காலையில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு, ரெட்டிச்சாவடியில் பாதி சீட்டு காலியாகப் போகிற பஸ்ஸில் கன்னியகோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று ஆள் ஏறிக்கொண்டே வரும். அரியாங்குப்பத்தில் பார்த்தால் படியில் தொங்குவார்கள். அதே பஸ் திரும்பும்போது காலியாகத்தான் வரும். வராவிட்டால் அடுத்த நடைக்கு இங்கே வண்டி ஏது? கூட்டம் உச்சத்தில் இருக்கிற இடத்தை வைத்துத்தான் எத்தனை பஸ் வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும்.

நஷ்டத்துக்கு வருகிறேன். ஒரு பேச்சுக்கு, ஒரு நடை 60 நிமிடம், இரண்டு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் நிறுத்தம் என்று வை. போய்த் திரும்ப 140 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட 14 வண்டி போதும். மரப்பாலம், அரியாங்குப்பம் நெரிசலில் நடைக்குப் பத்து நிமிடம் கூடினால் 160 ஆகிவிடும், 16 வண்டி வேண்டும். இரண்டு வண்டி, அவற்றுக்கு டிரைவர், கண்டக்டர், டீசல் எல்லாம் கூடுகிறது. பயணி ஒருவர்கூடக் கூடவில்லை. ரோட்டை அடைத்தவை கார்களும் பைக்குகளும். நஷ்டம் எழுதப்படுவது பஸ் பேரில்.

"அரை மணி நேரம் வராது, வந்தால் ரெண்டு சேர்ந்து வரும்" என்கிறார்களே, அந்தக் குறை உண்மை. அதற்குக் காரணமும் உண்டு. ஒரு பஸ் இரண்டு நிமிடம் பின்தங்கினால் அடுத்த நிறுத்தத்தில் கூடுதல் ஆள் சேர்ந்திருக்கும். அவர்கள் ஏறி, சில்லறை கொடுத்து வாங்குவதற்குள் இன்னும் தாமதம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆள் குறைவு, அது வேகமாக வந்து முன்னதை ஒட்டிவிடும். வசூலை வைத்து பேட்டா என்றால் ரேஸும் சேர்ந்துகொள்ளும். பத்து நிமிட இடைவெளி ஒழுங்காக இருந்தால் சராசரியாக 5 நிமிடம் காத்திருந்தால் போதும். அதே பஸ்கள் 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறி மாறி வந்தால் சராசரி 8.2 நிமிடம், ஏனென்றால் பெரும்பாலோர் வந்து மாட்டிக்கொள்வது அந்த 18இல்தான். புது பஸ் ஒன்றுகூட வாங்காமல் இதைச் சரி செய்யலாம். தவளக்குப்பம் மாதிரி நடுவழியில் ஒரு டைம் கீப்பரை உட்காரவைத்து, முன்கூட்டி வருகிற வண்டியை ஓரிரு நிமிடம் நிறுத்தி அனுப்பினால் போதும். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், அது நியாயம்தான். ஆனாலும் நிறுத்தத்தான் வேண்டும்.

ரயில் இருக்கிறதே என்பவர்கள் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. புதுச்சேரித் தண்டவாளம் மேற்கே விழுப்புரம் போகிறது. நம் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் இருப்பதோ விழுப்புரம்–மயிலாடுதுறை பாதையில். இரண்டு ஊருக்கும் நடுவே நேர் ரயில் பாதை கிடையாது.

பஸ்ஸில் ஏறுவது கஷ்டம் என்கிற விஷயத்தில் குறை சொல்பவர்கள் பக்கம்தான் நானும். சாதாரண பஸ்ஸின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 90 செ.மீ. இருக்கும், தாழ்தளப் பஸ்ஸில் 40. நிறுத்தத்தில் பைக்கும் ஷேர் ஆட்டோவும் நின்றுவிட்டால் பஸ் நடுரோட்டில் நிற்கும். பாட்டி வயதில் இருப்பவர் நடைபாதை விளிம்பிலிருந்து ஏற முடியாமல், கீழே தார் ரோட்டில் இறங்கி, ஒரு கையில் பையோடு கம்பியைப் பிடித்துத் தம்மை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். விளிம்பு 15 செ.மீ. என்றால் அவ்வளவும் முழங்காலுக்குக் கூடுதல் பாரம். நிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் ஒரு பஸ் நீளம், 12 மீட்டர், காலியாக வைத்திருந்தாலே இது தீரும்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு வேலை நாளில் அரியாங்குப்பம் நிறுத்தத்தில் காலை 8லிருந்து 9 வரை நின்று பார், அம்மாடி. நோட்டில் நாலு பத்தி போட்டுக்கொள்: வந்த நேரம், உட்கார இடம் இருந்ததா, நின்றவர்கள் எத்தனை பேர், ஏற முடியாமல் கீழேயே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர். நாலாவது பத்தியை விட்டுவிடாதே. அவர்கள் எந்த டிக்கெட் மெஷினிலும் பதிவாகமாட்டார்கள்.

அன்புடன்,
அப்பா