நடந்தால் மட்டும் போதாது, எழுந்திருக்கவும் முடிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வயது முதிர்ந்த பெண்கள் நாள்தோறும் நடக்க வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சொன்னதில் பிழை ஏதுமில்லை. ஆனால், 71 வயதாகும், பத்து ஆண்டுகளாக நடைப்பயிற்சியைத் தவறவிடாத எனக்கு, அதில் பாதிச் செய்திதான் இருப்பதாகப் பட்டது. மீதிப் பாதி எனக்கே இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தெரியவந்தது.

முழங்கால் வலிக்காக ஓர் இயன்முறை மருத்துவரிடம் சென்றிருந்தேன். கைப்பிடி இல்லாத நாற்காலியில் என்னை உட்காரவைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து நிற்கச் சொன்னார். முன்னால் சாய்ந்து, பாதங்களைத் தரையில் அழுத்தி, இருக்கையிலிருந்து நான்கு விரல் உயரம் எழும்பியவள் பொத்தென்று மீண்டும் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. கைப்பிடியையும் மேசை விளிம்பையும் கழிப்பறைச் சுவரையும் பற்றி எழுந்து எழுந்தே, கால்கள் செய்ய வேண்டிய வேலையை ஆண்டுக்கணக்கில் கைகளிடம் ஒப்படைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. 30 விநாடிகளில் எத்தனை முறை இப்படி எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவதே அந்தச் சோதனை. 70 முதல் 74 வயது வரையுள்ள பெண்களுக்கு அந்த எண்ணிக்கை 10க்குக் குறைந்தால் சராசரிக்கும் கீழ் என்று கொள்கிறார்கள். அன்று என் எண்ணிக்கை பூஜ்யம்.

பத்து ஆண்டு நடந்தும் ஏன் இப்படி என்று கேட்டேன். சமதரையில் நடப்பது இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது என்றாலும், தொடைத் தசைக்கு வலுவேற்றும் அளவுக்கு அது சுமை தருவதில்லை என்றார். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைய, பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. இயல்பிலேயே ஆண்களைவிடக் குறைவாக உள்ள தசையும் வயதோடு சேர்ந்து கரைகிறது. இந்த இரண்டும் கூடும்போது ஒரு சிறு தடுமாற்றமே இடுப்பெலும்பு முறிவில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பதோடு நிற்காமல், வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாட்களாவது சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சியும் தேவை என்று சேர்த்திருக்கிறது. பத்திரிகைகளில் முதல் பகுதி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. மற்ற இரண்டும் எங்கே போகின்றன என்று தெரியவில்லை.

நாளுக்கு 10,000 அடிகள் என்ற கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, எடுத்துவைக்கும் அடிகளை எண்ணும் கருவியான ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்வில் பிறந்த எண் அன்று. சராசரியாக 72 வயதுடைய ஏறத்தாழ 16,700 பெண்களைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களின் இறப்பு விகிதமே கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. எட்டாத எண்ணைக் காட்டினால், முழங்கால் வலியுள்ளவர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுவார்.

‘இந்த வயதில் எடை தூக்குவதா?’ என்று என் பிள்ளைகளே சிரித்தார்கள். அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி அளித்த ஆய்வொன்று 1990இல் வெளியானது. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இதைச் சொன்னபின் சிரிப்பு நின்றது. ‘வீட்டு வேலையே போதுமே’ என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை; அந்தப் பேச்சைப் பெரும்பாலும் வீட்டு வேலை செய்யாதவர்களிடமிருந்தே கேட்கிறேன்.

வாழ்க்கைத் தரம் என்று நீங்கள் எழுதியிருந்தது எங்களுக்கு மிக எளிய பொருளுடையது: இரவில் யாரையும் எழுப்பாமல் கழிப்பறைக்குச் சென்று திரும்புவது. ஆஸ்திரேலியாவில் 75 வயதைக் கடந்த 194 பெண்களிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், இடுப்பெலும்பு மோசமாக முறிந்து முதியோர் இல்லத்தில் சேர நேர்வதைவிட இறப்பதே மேல் என்று 80 சதவீதம் பேர் கூறியிருந்தார்கள். அதில் எனக்கு வியப்பில்லை.

கட்டுரையாளர் தொடாத இன்னொரு காரணமும் உண்டு. இருமும்போதும் வேகமாக நடக்கும்போதும் சிறுநீர் கசிகிறது என்பதற்காகவே வெளியே வருவதை நிறுத்திக்கொண்ட பெண்கள் பலரை அறிவேன். கேட்டால் கால்வலி என்பார்கள். நானும் ஓராண்டுக் காலம் அப்படித்தான் சொன்னேன். சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் பலருக்கு இது வெகுவாகக் குறைகிறது. உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஆனால், ‘சிறுநீர்க் கசிவு’ என்ற சொல்லை அச்சில் காணாத வரை, இது தங்களுக்கு மட்டும் நேர்ந்த இழிவு என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

முன்பே எலும்பு முறிந்தவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவதே நல்லது. மற்றவர்களுக்கு, சுவரோடு ஒட்டிப் போட்ட ஒரு நாற்காலியே போதுமான தொடக்கம். முதல் மாதம் இருக்கையில் இரண்டு தலையணைகளை அடுக்கி உயர்த்திக்கொண்டு எழுந்தேன், பிறகு ஒன்று, பிறகு ஒன்றுமில்லை. சென்ற வாரம் 30 விநாடிகளில் 12 முறை எழுந்தேன்.

அடுத்த முறை முதியோர் நலம் பற்றி எழுதும்போது, காலையில் நடப்பவர்களின் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவில், கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழும் ஒரு மூதாட்டியின் படத்தையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்