சனிக்கிழமை மதியச் சாப்பாடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய பட்டியலைத் தம்பி போனில் காட்டினான். எழுத்து பொடியாக இருந்தது. அவனையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். வியாழன் நாகூர், வெள்ளி கீழக்கரை, சனி மணப்பாடு, ஞாயிறு கன்னியாகுமரி. மே மாதம் இரண்டாவது வாரம். ஆட்கள் இரண்டு பேர். எங்கே என்ன சாப்பிடலாம் என்று அம்மாவைக் கேட்டுச் சொல் என்று கடைசியில் போட்டிருக்கிறாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் ராத்திரி படுக்கும்போதாவது படிப்பாய்.

முதலில் மாதம். மீன் சாப்பிட வேண்டும் என்று நாலு நாள் லீவு எடுத்து வருகிறவள் மே மாதத்தையா பிடிப்பாய்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரை முழுக்கத் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு ஒன்றும் கடலுக்குள் போகாது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இது மறந்துபோனதா? நாட்டுப்படகும் வள்ளமும் போகும், அதில் வருகிற மீன் ருசியான மீன்தான், ஆனால் கொஞ்சமாக வரும், விலை எக்கச்சக்கம். ஓட்டல்காரர்கள் பெரும்பாலும் ஐஸ் பெட்டியில் மேற்குக் கரையிலிருந்து வருவதைத்தான் பொரித்துப் போடுவார்கள். அந்தப் பக்கம் தடை ஜூன் 1-ல் தொடங்கி ஜூலை 31 வரை. அதனால் மே மாதம் குளச்சல், முட்டம் பக்கம் மீன் உண்டு. நம் பக்கம்தான் அரைகுறை.

ஜூலை கடைசி வாரத்துக்கு மாற்றினால் என்ன? 26-ஆம் தேதி நம் தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5 வரை திருவிழா. நீ வந்து எவ்வளவு காலம் ஆகிறது. ஆடிக் காற்று அடிக்கும், சில நாள் படகு போகாது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போகாவிட்டால் போகட்டும், நான் வைக்கிற கருவாட்டுக் குழம்புக்குக் காற்று என்ன செய்யும்? ஒன்று மட்டும், திருவிழா நேரத்தில் நம் ஊரில் லாட்ஜ் கிடைக்காது. வீட்டில்தான் தங்க வேண்டியிருக்கும். மாடி ரூம் சும்மாதான் கிடக்கிறது. அப்பா போன வாரம் அதில் மின்விசிறியைச் சரி பண்ணினார். ஏன் என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை.

லீவு கிடைத்துவிட்டது, மாற்ற முடியாது என்றால் சரி, மே மாதமே வா. பதநீர் இருக்கும், நுங்கு இருக்கும். திருச்செந்தூர் போகிற வழியில் பதநீர் குடிப்பதானால் காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளித்துவிடும்.

வியாழன் நாகூர். அன்று தர்காவில் கூட்டம் இருக்கும், வண்டி நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும். சாயங்காலம் வாடா சுடுவார்கள். கூட வருகிறவருக்கு அதை வாங்கிக் கொடு. அரிசிமாவைத் தட்டி, மேலே இறாலைப் பதித்து எண்ணெயில் போடுவது. மொறுமொறுவென்று சூட்டோடு சாப்பிட வேண்டும். நீ வாயில் வைக்காதே. இறாலைப் பிய்த்து எடுத்துவிட்டு மாவை மட்டும் சாப்பிடுகிறேன் என்று ஆரம்பிக்காதே, அதே எண்ணெயில்தான் எல்லாம் வேகிறது. உனக்குத் தம்ரூட் போதும். ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்துச் செய்வது, நாகூர் போனால் அது வாங்காமல் அப்பா திரும்பியதே கிடையாது.

பெங்களூரில் ஒரு தடவை இறால் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்று தம்பியிடம் சொன்னாயாம். ஒரு தடவை ஆகவில்லை என்பதற்காக அடுத்த தடவையும் ஆகாது என்று யார் சொன்னார்கள்? உவரிக் கல்யாணத்தில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. நண்டும், அந்தச் சிங்கி இறாலும் அதே வகைதான், இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவும் ஆகாமல் போகலாம் என்று டாக்டர் அன்றே சொன்னார். உன் பட்டியலில் கீழக்கரைக்கு நேராக "நண்டு" என்று எழுதி ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறாய். அது யாருக்கு? அவருக்கு என்றால் சரி. நிலாக் காலத்து நண்டில் சதை இருக்காது என்பார்கள், அமாவாசையை ஒட்டி வந்தால் நல்ல நண்டாகக் கிடைக்கும், காலண்டர் பார்த்துக்கொள். உனக்கு வேண்டாம்.

மாத்திரையைக் கைப்பையில் வை, பெட்டியில் வைக்காதே. எந்தப் பையில் இருக்கிறது என்று கூட வருகிறவரிடம் சொல்லிவை. உதடு தடித்தால் என்ன, மூச்சு வாங்கினால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவை. மூச்சு வாங்கினால் மாத்திரையை நம்பி உட்காரக் கூடாது, நேராக ஆஸ்பத்திரி. இதெல்லாம் அவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் எனக்கு நிம்மதி. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நீ பேச முடியாமல் இருந்தால் உன் போனைத் திறக்கத் தெரியுமா, எங்கள் நம்பர் தெரியுமா?

நாகூரிலிருந்து கீழக்கரைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால் 200 கிலோமீட்டருக்கு மேல் வரும். வேதாரண்யம் பக்கம் திரும்பினால் இன்னும் கூடும். யார் கார் ஓட்டுகிறார்? நீதான் என்றால் பகலிலேயே வந்துவிடு. அதிராம்பட்டினம், மீமிசல், தொண்டி என்று ரோடு நேராகப் போகும், நேராகப் போகிற ரோட்டில்தான் தூக்கம் வரும். அவர் ஓட்டுகிறார் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து தூங்காதே, பேசிக்கொண்டு வா. உனக்குக் காரில் ஏறினால் தூக்கம் வந்துவிடும், அவருக்கு அது இந்நேரம் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கீழக்கரையில் ஜும்மா நேரத்துக்குக் கடைகளைச் சாத்தியிருப்பார்கள். தொழுகை முடிந்து மூன்று மணிக்கு மேல் போ. தொதல் வாங்கு. தேங்காய்ப் பாலில் மாவும் கருப்பட்டியும் போட்டு, எண்ணெய் பிரிகிற வரைக்கும் மணிக்கணக்காகக் கிண்டுவது. நாலைந்து நாள் கெடாது. வட்டலப்பம் கடையில் கிடைக்குமா என்று பார்க்காதே, அது வீட்டில் செய்து சாப்பிடுகிற பண்டம், உன்னோடு படித்த பிள்ளை அங்கேதானே இருக்கிறாள், முன்கூட்டியே ஒரு போன் போடு. அவளாவது கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு வருஷம் தவறாமல் போன் பண்ணுகிறாள்.

ராமேஸ்வரம் வரை போகலாமா என்று கேள்விக்குறி போட்டிருக்கிறாயே, வேண்டாம். புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி போகிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் போக வர அரை நாள் போய்விடும். சனிக்கிழமை நேரம் கெட்டுவிடும்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். கீழக்கரைக்கு அடுத்து மணப்பாடு என்று எழுதியிருக்கிறாய். நடுவில் ஒன்றும் எழுதவில்லை. ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், குளத்தூர், அப்புறம்? காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பதினொன்று, பதினொன்றரைக்கு நீங்கள் நம் ஊரைத் தாண்டிக்கொண்டிருப்பீர்கள். உப்பளம் தெரிய ஆரம்பித்ததும் ஜன்னலைத் திறந்துவிடுவாயே சின்னதில். இப்போது ஏசி போட்டுக்கொண்டு பைபாஸில் போய்விடுவாய் போல.

மணப்பாடு நல்ல ஊர்தான். மணல் மேட்டில் சிலுவைக் கோயில், கீழே குகை, இரண்டு பக்கமும் கடல். சவேரியார் வந்த இடம். கூட வருகிறவருக்கு அவசியம் காட்டு. ஆனால் அது பார்க்கிற ஊர், மதியச் சாப்பாட்டுக்கு நம்பிப் போகிற ஊர் இல்லை. திருச்செந்தூரில் சாப்பிடலாம் என்றால், கோயில் ஊர், சைவச் சாப்பாடுதான் நன்றாக இருக்கும். அவர் கோயிலுக்குப் போக ஆசைப்படுகிறவர் என்றால் முதலில் தரிசனம், அப்புறம்தான் மீன், வரிசையை மாற்றாதே. எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. மார்த்தாண்டத்துப் பேச்சு அன்றோடு முடிந்தது. அதை இனி இந்த வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்றால், இரண்டு மணிக்குக் கிளம்பினாலும் திருச்செந்தூருக்கு 40 கிலோமீட்டர்தான். மூன்றரை, நாலு மணிக்கு மணப்பாட்டில் இருப்பீர்கள், வெயிலும் தாழ்ந்திருக்கும். உன் திட்டத்தில் ஒரு மணி நேரம்கூடப் பிசகாது. கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். ஆத்தூர் தாண்டும்போது வெற்றிலை வாங்கிக்கொள், 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே அந்த வெற்றிலை. உடன்குடியில் கருப்பட்டி வாங்கினால் ஒன்றை உடைத்து உள்ளேயும் பார், சீனி கலந்தது பளபளவென்று இருக்கும். முதலூர் மஸ்கோத் அல்வா அந்தப் பக்கம்தான், தேங்காய்ப் பாலில் செய்வது, வழியில் கிடைத்தால் வாங்கு, இல்லாவிட்டால் இங்கே அப்பா வாங்கி வைப்பார். மக்ரூன் நம் கடையிலேயே வாங்கி வைத்திருக்கிறேன் என்று எடுத்துக்கொள், முந்திரி கூடப் போட்டது. உன் ஆபீசில் கொடுப்பதற்குத் தனிப் பொட்டலம். போன தடவை நீ பெரிய பதவிக்கு வந்தபோது மக்ரூன் வாங்கித்தான் தெரு முழுக்கக் கொடுத்தேன். உனக்குச் சொல்லவில்லை. உன்னைப்பற்றி வெளியில் பேசினால் உனக்குப் பிடிக்காது.

இனி உன் ஞாயிற்றுக்கிழமை. இதுதான் பெரிய கூத்து. நாலு நாளில் மீன் விருந்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரியில். ஞாயிறு நம் ஆட்கள் கடலுக்குப் போவார்களா? உவரியில் போவார்களா? அன்று தட்டில் விழுவது சனிக்கிழமை மீன். திங்கள் காலையில் வாங்குவதும் அப்படித்தான். நீ வளர்ந்த வீட்டில் திங்கட்கிழமை என்ன குழம்பு வைப்பேன்? பருப்பு. அதற்குக் காரணம் சிக்கனம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாயா? ஞாயிறு நாகர்கோவில் பக்கம் போய் மரச்சீனிக் கிழங்கு மசித்தது, முந்தின நாள் வைத்த சாளைக் குழம்போடு கேட்டுச் சாப்பிடு. அது மறுநாள்தான் ருசி. மட்டிப் பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள், திரும்புகிற வழியில் பசிக்கும்.

ஆகவே பச்சை மீன் சாப்பிட உனக்கு இருக்கிற ஒரே நல்ல நாள் சனி. வெள்ளி ராத்திரியும் சனி விடியற்காலையும் கரைக்கு வருவது சனிக்கிழமை பதினோரு மணிக்கு என் சட்டியில் இருக்கும். தடைக்காலம் என்றால் என்ன, வள்ளத்துக்காரரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் நாலு விளைமீனாவது எடுத்து வைப்பார். இது எந்த ஓட்டலிலும் நடக்காது.

இங்கே செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஜெபா சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பக்கத்து வீட்டை விற்றுவிட்டார்கள். தம்பி தாடி வைத்திருக்கிறான், நீயாவது சொல்.

சித்தி உன்னைப்பற்றிக் கேட்டாள். தோழி ஒருத்தியோடு சுற்றுலா வருகிறாள் என்று சொல்லிவைத்தேன். நீ எழுதியது "இரண்டு பேர்" என்று மட்டும்தான், தோழி என்று நானாகத்தான் சொன்னேன். ரூம் எத்தனை எடுக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நீ சம்பாதிக்கிறாய், வீடு வாங்கியிருக்கிறாய், என்னைவிட உலகம் தெரிந்தவள். அப்பாவும் அதையே சொல்கிறார். நான் கேட்பதெல்லாம் சமையலுக்காக. காரம் எவ்வளவு தாங்குவார்? தேங்காய் அரைத்த குழம்பு ஆகுமா, இல்லை புளிக்குழம்பு போதுமா? முள் எடுத்துச் சாப்பிடப் பழகியவரா? பழகாதவர் என்றால் சாளையும் நெத்திலியும் வைத்து அவரைத் திண்டாட விடக் கூடாது, பாறையோ விளைமீனோ துண்டு போட்டுப் பொரித்துவிடலாம். மீனே சாப்பிடாதவர் என்றாலும் சொல்லிவிடு, மாங்காய் போட்ட சாம்பாரும் அவியலும் செய்கிறேன், அதற்காக அவரை வண்டியிலேயே உட்கார வைத்துவிடாதே. இறால் இந்த வீட்டுக்குள் அன்று நுழையாது, அது உனக்கே தெரியும்.

மாத்திரை கைப்பையில்.

வியாழக்கிழமை நாகூரிலிருந்து ஒரு போன் போடு. வள்ளத்துக்காரரிடம் வெள்ளி மதியத்துக்குள் சொல்ல வேண்டும், எத்தனை மீன் என்று கேட்பார். இலை நாலு போடவா, ஐந்தா என்று மட்டும் சொன்னால்கூடப் போதும்.

அன்புடன்,
அம்மா